துபாஷி

2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகன் எக்ஸ்-பிளேன் 11-ல் செஸ்னா 172 ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு நான். விமானம் ஓடுபாதைக்கு இணையாக ஆயிரம் அடி உயரத்தில், 90 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் இடப்பக்கம் ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், அப்புறம் இறக்கம். திரும்புமுன் எந்த விமானியும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஓடுபாதை எங்கே இருக்கிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தான். அதாவது மவுஸை இடப்பக்கம் இழுத்தான்.

திரை அப்படியே நின்றுவிட்டது. பாதி ஜன்னல், பாதி இறக்கை, பின்னால் கலங்கலாக ஒரு பச்சை. அரை நொடி கழித்து உயிர் வந்தது. நிஜ விமானத்தில் அந்த வேகத்துக்கு அரை நொடி என்றால் 23 மீட்டர்.

“பாத்தீங்களா மாமா? கார்டு மாத்தியும் அதே கதைதான்.”

“எப்படா மாத்தின?”

“போன வாரம். கடைக்காரர் டிரைவரும் புதுசு போட்டுத்தான் குடுத்தாரு. அதுலயே எல்லாம் சரியாயிடும்னாரு.”

அந்த அரை நொடி எங்கே போனது என்பதுதான் இந்த அத்தியாயம். தேடிப்போனால் 1982 வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். டிரைவர் என்றால் நமக்கு ஸ்டியரிங் பிடிக்கிற ஆள். கிராபிக்ஸ் கார்டு டிரைவர் எதையும் ஓட்டுவதில்லை. அது விளையாட்டு நிரலுக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொல்வதை மற்றவருக்குப் புரிகிற மாதிரி சொல்கிற மென்பொருள். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியிலும் சென்னையிலும் அந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்தது: துபாஷி. கம்பெனிக்காரனுக்குத் தமிழ் தெரியாது, நெசவாளிக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டும் தெரிந்தவர் நடுவில் நின்று வியாபாரத்தை நடத்தினார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், துபாஷியின் வேலை மொழிபெயர்ப்போடு முடிவதில்லை. சொன்னதைச் சொல்ல வேண்டும், சொல்லாததை ஊகிக்க வேண்டும், துரை கேட்பதற்கு முன்பே சரக்கைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நல்ல துபாஷி என்றால் நன்றாக ஊகிக்கிறவர் என்றே பொருள். கிராபிக்ஸ் டிரைவரும் இதே ஜாதிதான். அதனால் இனி துபாஷி என்றே சொல்கிறேன்.

துபாஷியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1975-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கணினித் திரையில் விமானப் பறப்பைக் காட்டுவது பற்றி ஆய்வேடு எழுதினார். பிறகு சப்லாஜிக் என்ற பெயரில் ஆப்பிள் II கணினிக்கு ஒரு பறப்பு விளையாட்டைச் செய்தார். அதைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் அவரிடம் உரிமம் வாங்கி, ஐபிஎம் பிசிக்கான ‘ஃப்ளைட் சிமுலேட்டர்’ முதல் பதிப்பை 1982 நவம்பரில் வெளியிட்டது. ஒரு பிளாப்பி. அதைப் போட்டுக் கணினியை முடுக்கினால் டாஸ் கூட வராது. நேராகச் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு ஓடுபாதையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த பிசியில் இருந்தது 4.77 மெகாஹெர்ட்ஸ் செயலி. சிஜிஏ கார்டில் 16 கிலோபைட் நினைவகம். வரையத் தெரிந்த கார்டு அல்ல அது. தன் நினைவகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் திரைக்கு அனுப்பும், அவ்வளவுதான். ஏரி, கட்டடம், அடிவானம் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக அந்த 16 கிலோபைட்டில் எழுதியது ஆர்ட்விக்கின் நிரலே.

நேருக்கு நேர் பேச்சு. வேகம் கிடைத்தது. விலை என்னவென்றால், கார்டு அச்சு அசலாக அதே கார்டாக இருந்தாக வேண்டும். எண்பதுகளில் ஐபிஎம் போலவே பிசி செய்த கம்பெனிகளின் பெட்டிகளை வாங்குமுன் இரண்டு நிரல்களை ஓட்டிப்பார்ப்பது வழக்கம்: லோட்டஸ் 1-2-3, ஃப்ளைட் சிமுலேட்டர். இரண்டும் இயங்குதளத்தைத் தாண்டி வன்பொருளை நேராகத் தொடுகிறவை. இவை ஓடினால் பெட்டி உண்மையிலேயே ஐபிஎம் ஒப்புமை உள்ளது. விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று ஒரு தொழில்துறைக்கே உரைகல்லாக இருந்தது விசித்திரம்தான்.

தொண்ணூறுகளில் கார்டுகள் தாமே முக்கோணம் வரையக் கற்றுக்கொண்டன. 1996-ல் 3டிஎஃப்எக்ஸின் வூடூ வந்தது, அடுத்தடுத்து என்விடியா, ஏடிஐ. ஒவ்வொன்றின் உள்மொழியும் வேறு. அடுத்த தலைமுறை வந்தால் அதே கம்பெனியின் மொழியும் மாறிவிடும். ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக விளையாட்டு எழுத யாராலும் முடியாது. ஆகவே நடுவில் பொதுமொழிகள் வந்தன: சிலிக்கான் கிராபிக்ஸ் 1992-ல் கொடுத்த ஓபன்ஜிஎல், மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி. விளையாட்டு பொதுமொழியில் சொல்லும். கார்டு கம்பெனி எழுதிக்கொடுத்த துபாஷி அதைத் தன் கார்டின் மொழிக்கு மாற்றும்.

சொல்லுவது என்றால் எப்படி? ஒரு நொடிக்கு 30 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு 33 மில்லி நொடி. அதற்குள் எக்ஸ்-பிளேன் இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்கிடுகிறது. இந்த விளையாட்டை எழுதிய ஆஸ்டின் மேயரின் பெருமையே இந்தக் கணக்கில்தான். பிறகு எது கண்ணில் படும், எது படாது என்று பிரிக்கிறது. பிறகு கட்டளைகள்: இந்த டெக்ஸ்சரை (பொருளின் மேல் ஒட்டும் படத்தை) எடு, இந்த ஷேடரைப் போடு, கலக்கும் முறை இது, இந்த மரத்தை வரை. அடுத்தது கட்டடம். அடுத்தது ஓடுபாதை விளக்கு. ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கில். ஓபன்ஜிஎல் துபாஷி ஒவ்வொரு கட்டளையையும் நிறுத்தி விசாரிப்பார்: இந்த டெக்ஸ்சர் இருக்கிறதா, இந்த ஷேடருக்கு இது பொருந்துமா, கார்டு நினைவகத்தில் இடம் உண்டா? விசாரணை நடப்பது கார்டில் அல்ல, செயலியில். அதுவும் பெரும்பாலும் ஒரே இழையில், வரிசையில் நின்று. எட்டு கோர் செயலியில் ஏழு கோர்கள் கொட்டாவி விட, ஒன்று மட்டும் வேர்த்துக்கொட்டும்.

இங்கேதான் என் மருமகனின் தவறு. சாதாரணச் சோதனை ஒன்று இருக்கிறது, காசு செலவில்லை. திரையின் தெளிவுத்திறனைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். கார்டு திணறிக்கொண்டிருந்தால் வேகம் கூடும், ஏனென்றால் புள்ளிகள் கார்டின் சுமை. வேகம் அசையாமல் நின்றால் கார்டு சும்மா இருக்கிறது, செயலி அனுப்பும் கட்டளைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அவனுடைய மெஷினில் நொடிக்கு 28 ஃபிரேம் (படம்) 29 ஆனது. புதுக் கார்டுக்குக் கொடுத்த காசு, காத்திருப்பதற்காகக் கொடுத்த காசு.

இந்த நோய் சிமுலேட்டர் குடும்பத்தில் பரம்பரையாக வருவது. 2006 அக்டோபரில் வந்த மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்எக்ஸ், செயலிகளின் கடிகார வேகம் ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. செயலிகளோ வேகத்தை நிறுத்திவிட்டு கோர்களைப் பெருக்கின. பல கோர்களை ஓரளவாவது பயன்படுத்த அடுத்த வருஷம் ஒரு சர்வீஸ் பேக் வரவேண்டியிருந்தது. 32 பிட் நிரல் என்பதால் 4 ஜிபிக்கு மேல் நினைவக முகவரியும் கிடையாது. எட்டு மணி நேரம் பறந்துவந்து, இறங்கும் இடத்துக்குப் பத்து மைல் முன்னால் நினைவகம் தீர்ந்து நிரல் செத்துப்போன கதைகள் ஏராளம். அதன் அமைப்புக் கோப்பில் ‘ஹைமெம்ஃபிக்ஸ்’ என்று ஒரு வரி, ‘பஃபர்பூல்ஸ்’ என்று ஒரு பத்தி எழுதிக்கொள்ளும் கை வைத்தியம் வருஷக்கணக்கில் நடந்தது. முதல் வரி உண்மையாகவே வேலை செய்யும். மற்றவற்றில் பாதி, தாயத்து கட்டிக்கொள்வது மாதிரி.

சராசரி வேகம் குறைவாக இருப்பது ஒரு குறை. தலையைத் திருப்பும்போது திரை உறைவது வேறு. 28 ஃபிரேமில் செஸ்னாவை இறக்கிவிடலாம். உறைகிற திரையில் முடியாது. திரை ஏன் உறைகிறது என்று தெரிய, துபாஷியின் ஊகத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஊகத்தின் உச்சம் 2001-லும் 2003-லும் வெளியே தெரிந்தது. 2001-ல் ஏடிஐயின் ரேடியான் 8500 கார்டு, குவேக் 3 விளையாட்டில் அசத்தலாக ஓடியது. சோதித்தவர்கள் விளையாட்டுக் கோப்பில் இருந்த ‘குவேக்’ என்ற சொல்லை ‘குவாக்’ என்று மாற்றிப்பார்த்தார்கள். வேகம் குறைந்தது, படம் தெளிவானது. துபாஷி ஆளின் பெயரைக் கேட்டுத்தான் சரக்கின் தரத்தைத் தீர்மானித்திருக்கிறார்.

2003 மே மாதத்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். 3டிமார்க்03 என்பது கார்டுகளுக்கு மார்க் போடும் நிரல். அதன் காட்சிகளில் கேமரா தண்டவாளத்தில் போவது போல் ஒரே பாதையில்தான் போகும். என்விடியாவின் துபாஷிக்கு அந்தப் பாதை மனப்பாடம். கேமரா ஒருபோதும் திரும்பிப் பார்க்காத வானத்தை எதற்கு வரைய வேண்டும்? வரையாமல் விட்டுவிட்டார். எக்ஸ்ட்ரீம்டெக் இதழ்க்காரர்கள், நிரல் எழுதுபவர்களுக்கான பதிப்பில் கேமராவைத் தண்டவாளத்தை விட்டு விலக்கிச் சுற்றிப்பார்த்தபோது குட்டு உடைந்தது. வானம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிசல். 3டிமார்க்கைச் செய்த ஃபியூச்சர்மார்க் இதைத் தடுக்க ஒரு திருத்தம் போட்டதும், என்விடியாவின் மேல்தட்டுக் கார்டுக்கு மதிப்பெண் 24 சதவீதம் சரிந்தது. சில நாள் கழித்து இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து, இது ஏமாற்று வேலை அல்ல, குறிப்பிட்ட ஒரு நிரலுக்கான சீரமைப்பு என்று அறிக்கை விட்டன. வக்கீல் எழுதிக்கொடுத்த தமிழ் மாதிரி ஒரு அறிக்கை.

எனக்கு இதில் பிடித்தது மோசடி அல்ல, அது அகப்பட்ட விதம். கேமராவைத் தண்டவாளத்தில் இருந்து இறக்கினால் அது பறப்பு சிமுலேட்டர். சுடும் விளையாட்டுகளில் தாழ்வாரம், அறை, கதவு. கதவுக்குப் பின்னால் என்ன வரும் என்பது ஏறக்குறையத் தெரியும், கதவு திறப்பதற்குள் தயார் செய்துகொள்ளலாம். விமானியோ எந்த நேரத்திலும் எந்தப் பக்கமும் தலையைத் திருப்புவார். 35,000 அடியில் இருந்தால் அடிவானம் ஏறக்குறைய 370 கிலோமீட்டர் தூரத்தில். அவ்வளவு பெரிய வட்டத்தில் எந்தத் துண்டைக் கேட்கப்போகிறார் என்று எந்தத் துபாஷிக்குத் தெரியும்?

மருமகன் மவுஸை இடப்பக்கம் இழுத்தபோது நடந்தது இதுதான். இடப்பக்கம் ஒரு விமான நிலையம் முழுதும் இருந்தது: ஹேங்கர், எரிபொருள் வண்டி, நிறுத்தி வைத்த விமானங்கள். அவற்றின் டெக்ஸ்சர்களைக் கொஞ்ச நேரமாக யாரும் கேட்கவில்லை என்பதால், இனித் தேவைப்படாது என்று ஊகித்து, துபாஷி கார்டில் இருந்து கீழே இறக்கிப் பிசியின் நினைவகத்தில் போட்டுவிட்டார். இப்போது எல்லாம் ஒரேயடியாக வேண்டும். போதாக்குறைக்கு ஷேடர். ஷேடர் என்பது கண்ணாடி எப்படி மின்ன வேண்டும், புல் எப்படித் தெரிய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன நிரல். விளையாட்டு அதைப் பொதுமொழியில்தான் வைத்திருக்கும். இந்தக் கார்டின் மொழிக்கு மாற்றுவது நம் வீட்டு மெஷினில், துபாஷியின் கையால். ஓபன்ஜிஎல்லில் அதை எப்போது செய்வது என்பது அவர் இஷ்டம். முதல் முறை வரையும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார். கலக்கும் முறை மாறினால் திரும்ப ஒரு தடவை மாற்றி எழுதுவார். 33 மில்லி நொடிக் கெடுவில் அவர் உட்கார்ந்து 300 மில்லி நொடிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால், மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாற்றிய ஷேடர்களை அவர் வட்டில் சேமித்து வைப்பார், அடுத்த முறை தாமதமில்லை. ஆனால் புது டிரைவர் போட்டால் பழைய துபாஷியோடு அவர் குறிப்பேடும் போய்விடும். புது டிரைவர் போட்ட அன்று முதல் பறப்பு அதிகமாகத் திக்குவது இதனால்தான். பலர் அந்த ஒரு பறப்பை வைத்தே “இந்த டிரைவர் சரியில்லை” என்று பழையதுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதே பாதையில் இரண்டு மூன்று முறை பறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது நல்லது.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், துபாஷி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தொட முடியாத ஒரு சிக்கல். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். விமானம் எங்கே இருக்கிறது என்பதைப் பூமியின் மையத்திலிருந்து மீட்டரில் அளந்தால், 63 லட்சத்துச் சொச்சம். கிராபிக்ஸ் கார்டு சரளமாகக் கையாளும் 32 பிட் எண்ணில் துல்லியத்துக்கு 24 பிட்தான். அவ்வளவு பெரிய எண்ணுக்குப் பக்கத்தில், அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அரை மீட்டர். அதாவது உயரமானியின் முள்ளை அரை மீட்டர் இங்கே அல்லது அரை மீட்டர் அங்கேதான் வைக்க முடியும். முள்ளின் நீளமே நாலு சென்டிமீட்டர்! விமானி அறை முழுவதும் பேய் பிடித்தது போல் ஆடும். 64 பிட் எண்ணில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விளையாட்டுக்கென்று விற்கும் கார்டுகளில் பல அதை 32-ல் ஒரு பங்கு வேகத்திலோ, புதியவற்றில் 64-ல் ஒரு பங்கு வேகத்திலோதான் செய்கின்றன. ஆகவே சிமுலேட்டர் எழுதுகிறவர்கள் வேறு வழி பிடித்தார்கள். பூமியின் மையத்தை மறந்துவிட்டு, விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தை பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது. விமானம் வெகுதூரம் போய்விட்டால் பூஜ்யத்தையும் தூக்கிக்கொண்டு போவது. எக்ஸ்-பிளேன் செய்வது இதைத்தான். கணினிக்குள் விமானம் உலகத்தில் பறப்பதைவிட, உலகம் விமானத்தைச் சுற்றி நகர்வது அதிகம்.

ஆழம் பற்றிய கணக்கிலும் இதே இழுபறி. கண்ணுக்கு அரை மீட்டரில் கடிகாரம், 300 கிலோமீட்டரில் மலை. எது முன்னால், எது பின்னால் என்று கார்டு வைத்துக்கொள்ளும் ஆழக் கணக்கேட்டின் துல்லியம், வழக்கமான முறையில் முக்கால்வாசி கண்ணுக்கு முன்னாலேயே செலவாகிவிடும். தூரத்தில் ஏரியும் ஏரிக்கரையும் ஒன்றின் மேல் ஒன்று மாறி மாறி மினுக்கும். பழைய சிமுலேட்டர்கள் பலவும் முதலில் வெளி உலகத்தை வரைந்து, கணக்கேட்டைத் துடைத்துவிட்டு, அதன் மேல் விமானி அறையை வரைந்து தப்பித்தன. விமானம் எங்கே இருக்கிறது, எது அறை, எது வெளி என்பதெல்லாம் விளையாட்டுக்கு மட்டுமே தெரிந்தவை. துபாஷியிடம் சொல்ல ஓபன்ஜிஎல்லில் வார்த்தையே கிடையாது.

அப்படியானால் விளையாட்டுக்குத் தெரிந்ததை அதுவே நேராகச் செய்தால் என்ன? இந்தக் கேள்வியை ஏஎம்டி 2013-ல் மேன்டில் என்ற மொழியாகப் போட்டு உடைத்தது. 2015-ல் விண்டோஸ் 10-உடன் டைரக்ட்எக்ஸ் 12 வந்தது. மேன்டிலை அடித்தளமாக வைத்து க்ரோனோஸ் கூட்டமைப்பு 2016 பிப்ரவரியில் வல்கனை வெளியிட்டது. மூன்றுக்கும் ஒரே சங்கதி: துபாஷி இனி ஊகிக்க வேண்டாம். ஷேடர், கலக்கும் முறை, வடிவம் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பு எப்போது நடக்க வேண்டும் என்று விளையாட்டு சொல்லும். கார்டு நினைவகத்தில் எது இருக்கும், எது இறங்கும் என்பதும் விளையாட்டின் பொறுப்பு. கட்டளைகளைப் பல கோர்களில் பிரித்து எழுதலாம். துபாஷி அதிகம் விசாரிக்கமாட்டார். தப்பாகச் சொன்னால் தப்பாகவே போய்ச்சேரும்.

லாமினார் ரிசர்ச் என்ற கம்பெனி தன் எக்ஸ்-பிளேனை வல்கனுக்கு மாற்றியது 11.50 பதிப்பில். 2020 ஏப்ரலில் பொதுச் சோதனைக்கு வந்து செப்டம்பரில் முழுதாக வெளியானது. மேக் கணினிகளில் அதே பதிப்பு ஆப்பிளின் மெட்டல் மொழியைப் பேசியது; ஓபன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக ஆப்பிள் 2018-லேயே அறிவித்துவிட்டதால் வேறு போக்கிடமும் இல்லை.

மருமகன் சோதனைப் பதிப்பை முதல் நாளே இறக்கிப் போட்டான். தலையைத் திருப்பினான், திரை நிற்கவில்லை. மறுபக்கம் திருப்பினான். நிற்கவில்லை. ஐந்து நிமிஷம் விமானம் ஓட்டாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் புகார் வந்தது. பெரிய விமான நிலையத்துக்குப் போனால் கட்டடமெல்லாம் கண்ணாடி போடாமல் பார்ப்பது போல் கலங்கலாக இருக்கிறதாம். துபாஷி முன்பு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலை அப்போதுதான் தெரிந்தது. கார்டில் இடம் பற்றாதபோது அவர் எதையோ தூக்கி எங்கோ வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்; அதற்கு விலை அரை நொடி உறைவு. இப்போது லாமினாரே எழுதிய நிர்வாகி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது திரையை நிறுத்தாது; இடம் பற்றாவிட்டால் டெக்ஸ்சரின் தெளிவைக் குறைத்துவிடும். ஆரம்பப் பதிப்புகளில் தேவைக்கு மேலேயே குறைத்தது. அது போதாதென்று ‘டிவைஸ் லாஸ்ட்’ என்ற செய்தி. கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால், அது தொங்கிவிட்டது என்று முடிவுசெய்து விண்டோஸ் அதைத் திருப்பி முடுக்கும். விஸ்டா காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. வல்கனில் அந்தச் செய்தி விளையாட்டின் மடியில் நேராக விழும். யார் தப்பு? விளையாட்டா, டிரைவரா, அளவுக்கு மீறி வேகம் ஏற்றிய கார்டா? முன்பு பழி போடத் துபாஷி இருந்தார். இப்போது எழுதியவர்களே ராத்திரி உட்கார்ந்து தேட வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், நல்ல பேரம்தான். கலங்கல் கண்ணுக்குத்தான் உறுத்தல். உறைவு கையைக் கட்டிப்போடும். விமானம் ஓட்டக் கை வேண்டும்.

ஆனால் துபாஷியை முழுக்க அனுப்பிவிட முடிந்ததா என்றால் இல்லை. எக்ஸ்-பிளேனின் பலமே வெளியார் செய்து விற்கும் விமானங்கள். போயிங்கின் கணினித் திரைகள், ஏர்பஸ்ஸின் வரைபடங்கள் இவற்றையெல்லாம் அந்தந்த விமானத்தின் பிளக்-இன் தானே ஓபன்ஜிஎல்லில் வரைந்து வந்தது. காசு கொடுத்து வாங்கியவை. விளையாட்டு மொழி மாறியது என்பதற்காகத் தூக்கிப்போட முடியாது. அதனால் படத்தை வல்கன் வரைய, நடுவில் ஓபன்ஜிஎல்லுக்கு வழிவிட்டு, திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாடு. ஒரே கார்டில், ஒரே படத்துக்குள், இரண்டு துபாஷிகள் தாளைக் கை மாற்றிக்கொள்கிறார்கள். விண்டோஸில் ஏஎம்டி கார்டுகளில் இந்தக் கைமாற்று சரியாக ஒத்துப்போகாமல் திரை மினுமினுத்தது.

எக்ஸ்-பிளேன் 12-ல் அதற்குக் கிடைத்த தீர்வு வந்த திசைதான் ஆச்சரியம். லினக்ஸ் உலகத்தில் மெசா என்று ஒரு திட்டம். பிரையன் பால் 1993-ல் ஓபன்ஜிஎல் போல ஒன்றைத் தானே எழுதத் தொடங்கியதில் பிறந்தது. அதன் கிளைகளில் ஒன்று ஜிங்க், 2018-ல் கொலாபோரா நிறுவனத்தின் எரிக் ஃபாயே-லுண்ட் ஆரம்பித்தது. ஓபன்ஜிஎல்லில் சொன்னதை வல்கனில் மாற்றிச் சொல்வதுதான் அதன் வேலை. லாமினார் இந்த ஜிங்கை எடுத்து விளையாட்டுக்குள்ளேயே வைத்து, ஒரு டிக் போட்டு இயக்கிக்கொள்ளக் கொடுத்தது. பிளக்-இன் ஓபன்ஜிஎல் பேசும், ஜிங்க் வல்கனாக்கும், கார்டு கம்பெனியின் ஓபன்ஜிஎல் துபாஷிக்கு வேலையில்லை. வாசலில் இருந்த துபாஷியை அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது போல. மினுமினுப்பு அடங்கியது, பதிலுக்குச் சில ஃபிரேம்கள் போயின என்றவர்களும் உண்டு.

மைக்ரோசாஃப்ட் பக்கம் வேறு வழி. அசோபோ ஸ்டுடியோ செய்த புதிய ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்ட் 18-ல் வந்தது, எக்ஸ்-பிளேன் வல்கனுக்கு மாறிக்கொண்டிருந்த அதே சமயத்தில். வந்தது பழைய டைரக்ட்எக்ஸ் 11-ல். என்விடியா அதற்கென்றே 452.06 என்ற டிரைவரைத் தயாராக வைத்திருந்தது. டைரக்ட்எக்ஸ் 12 மறு வருஷம் நவம்பரில், ‘பீட்டா’ என்ற சீட்டோடு. அந்தச் சீட்டு நெடுநாள் கிழியவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த நேர்மை ஒன்று உண்டு. டெவலப்பர் பயன்முறையைப் போட்டால் மூலையில் ஒரு பெட்டி, ‘மெயின்த்ரெட்டால் தடை’ அல்லது ‘ஜிபியுவால் தடை’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடும்; முதலாவது செயலியின் முதன்மை இழை, இரண்டாவது கார்டு. புதுக் கார்டு விற்கும் கடைகளின் வாசலில் இந்தப் பெட்டியைப் பெரிதாக அச்சடித்து ஒட்டலாம். நகரத்தின் மேல் பறந்தால் பெரும்பாலும் சொல்வது மெயின்த்ரெட் என்றுதான். 1982-ல் திணறிய அதே செயலி, வேறு உடையில்.

2022 அக்டோபரில் என்விடியா இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. புது 40 வரிசைக் கார்டுகளில், முழுதாக வரைந்த இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கார்டே கற்பனை செய்து செருகும். அந்த நடுப் படத்துக்குச் செயலியைக் கேட்பதே இல்லை. அதனால் செயலி எவ்வளவு திணறினாலும் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். கம்பெனி இதைக் காட்டிப் பெருமைப்பட எடுத்துக்கொண்ட விளையாட்டுகளில் ஃப்ளைட் சிமுலேட்டரும் ஒன்று. இரண்டாவது படம் தயாராகும் வரை முதலாவதுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் தாமதம் உண்டு. சுடும் விளையாட்டில் அது உயிர் போகிற விஷயம், விமானத்தில் பரவாயில்லை.

மருமகன் இப்போது வேலைக்குப் போகிறான், அந்த வரிசைக் கார்டு ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கினான். போன பொங்கலுக்குப் போனபோது உட்காரவைத்துக் காட்டினான். அதே செஸ்னா, மின்திரை வைத்த மாடல். 31 ஃபிரேம், ஒரு பொத்தானைத் தட்டியதும் 60. ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, இடப்பக்கம் தலையைத் திருப்பினான். ஹேங்கர், எரிபொருள் வண்டி, நிறுத்தி வைத்த விமானங்கள், எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. திரும்பி இறங்கத் தொடங்கினான். உயரம் காட்டும் பட்டையில் கடைசி இரண்டு இலக்கம் உருளை போல உருண்டுகொண்டிருந்தது. 1,480. 1,460. நடுவில் சட்டென்று, 8-ஐயும் 6-ஐயும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ஒரு உரு. நிறுத்திப் படம் பிடித்துப் பெரிதாக்கினான்.

“மாமா, இது என்ன நம்பர்?”

“நம்பர் இல்லடா. கார்டு அப்படி நினைச்சுக்கிச்சு.”